மாதிரிக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

முனிகிருஷ்ணன் இறந்துபோன செய்தியை ஊருக்கெல்லாம் சொன்னது முனிகிருஷ்ணனேதான். சனிக்கிழமை காலை, இட்லி சாப்பிட்டுக் கை கழுவி, ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்னால், தான் இருந்த அத்தனை வாட்ஸாப் குழுக்களுக்கும் தன் கையாலேயே அனுப்பினான். போதாததற்கு ஸ்டேட்டஸிலும் வைத்தான். அனுப்பியது சாவுச் செய்தி என்பது அவன் ஒருவனுக்கு மட்டும் தெரியாது. அவன் அதை விளம்பரம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்ரீராம்புரத்தில் விஜி டிஜிட்டல்ஸ் என்று கேட்டால் பச்சைக் குழந்தையும் வழி சொல்லும் என்பது ஒரு காலம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வார்டு பிரமுகரின் பிறந்தநாள் என்று எதுவானாலும் ஃபிளெக்ஸ் அடிக்க முனியிடம்தான் வருவார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக ஓடியது கண்ணீர் அஞ்சலி. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், ஐஸ் பெட்டிக்குச் சொல்லும் ஆள் ஒரு பக்கம் ஓடுவான், போட்டோவை எடுத்துக்கொண்டு முனியின் கடைக்கு வரும் ஆள் இன்னொரு பக்கம் ஓடுவான். செத்தவரின் தலைக்கு மேல் இரண்டு புறா, ஓரத்தில் குத்துவிளக்கு, கீழே சொந்தபந்தங்களின் பெயர்கள். ஒரு பெயர் விட்டுப்போனாலும் பதினாறாம் நாள் வரைக்கும் சண்டை ஓயாது. அதனால் முனி பெயர்களை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகுதான் அச்சுக்கு அனுப்புவான். தொழில் சுத்தம்.

அப்புறம் ஊருக்குள் ஃபிளெக்ஸ் கட்டக் கூடாது என்று தடை வந்தது. மெஷின் மேல் போட்ட தார்ப்பாய் போட்டபடியே கிடந்தது. சனங்கள் சாவதை நிறுத்தவில்லை, கண்ணீர் அஞ்சலி போடுவதையும் நிறுத்தவில்லை, ஆனால் தெருமுனையில் கட்டியதை இப்போது போனில் ஸ்டேட்டஸாக வைத்தார்கள். அதை யார் யாரோ கன்னாபின்னாவென்று செய்து கொடுத்தார்கள். பாட்டி போட்டோவுக்குப் பின்னால் சுவிட்சர்லாந்து மலையை வைத்திருந்ததை முனி தன் கண்ணாலேயே பார்த்தான். வயிறு எரிந்தது. இனிமேல் கடையை நம்பிப் பயனில்லை, ஒரு வெப்சைட் வைத்து எல்லாவற்றையும் போனுக்கே அனுப்பிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தான். அது ஓடவில்லை என்றால் மெஷினை விற்றுவிட்டு, விஜி வேலை செய்யும் கார்மெண்ட்ஸ் வாசலில் செக்யூரிட்டியாக நிற்க வேண்டியதுதான் என்று மனைவியிடமே சொல்லியிருந்தான். விஜி மறுப்புச் சொல்லவில்லை. அது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

வெப்சைட்டைச் செய்து கொடுத்தவள் தீபிகா. சேலத்துப் பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, அடுகோடியில் ஒரு மூன்றாவது மாடி அறையில் குடியிருந்தாள். சனி ஞாயிறுகளில் இப்படிச் சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுப்பாள். கெட்டிக்காரி. ஆனால் கூகுளைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏதோ கோயிலில் சாமி கும்பிடும் முகம் வந்துவிடும். கூகுளுக்கு எழுத்துதான் முக்கியம், ஒவ்வொரு டிசைனுக்கும் தனித்தனிப் பக்கம் வேண்டும், பக்கத்தில் நிஜமான பேரும் நிஜமான ஊரும் இருக்க வேண்டும், 'உங்கள் பெயர் இங்கே' என்று போட்டுவைத்தால் அது மதிக்கவே மதிக்காது என்று அவள் அடித்துச் சொன்னாள்.

பிறந்தநாள் மாதிரிக்கு எதிர்வீட்டுக் குழந்தை கிடைத்தது. கல்யாண நாள் மாதிரிக்கு விஜியின் அண்ணனும் அண்ணியும் கிடைத்தார்கள், கேட்டதும் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். கண்ணீர் அஞ்சலிக்கு யார் கிடைப்பார்கள்? செத்தவர் படத்தைப் போட்டால் அவர் வீட்டார் விளக்குமாற்றோடு வருவார்கள். உயிரோடு இருப்பவரிடம் கேட்டால் அவரே வருவார். வெள்ளைக்காரத் தாத்தா ஒருவரை இணையத்திலிருந்து எடுத்து நெற்றியில் விபூதி பூசிப் பார்த்தான். சகிக்கவில்லை.

கடைசியில் முனி தன் படத்தையே போட்டான். ஆயிரம் பேருக்கு மாலை போட்ட கை, தனக்குப் போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று அவன் எண்ணம். மச்சான் கல்யாணத்தில் எடுத்த படம், லேசாகச் சிரித்த முகம், நன்றாகவே அமைந்தது. விஜிக்குக் காட்டவில்லை. காட்டினால் ஒரு வாரத்துக்கு வீட்டில் அடுப்பு எரியாது என்று தெரியும். கீழே பெயர்களைப் போட்டான்: மனைவி விஜயலட்சுமி, மைசூரில் படிக்கும் மகன், மாமனார், இரண்டு மச்சான்கள், ஓசூர் சித்தப்பா குடும்பத்தார். இன்னும் ரெண்டு வரி இருந்தால் கூகுளுக்கு நன்றாக இருக்கும் என்றாள் தீபிகா. யோசித்து யோசித்து, சாமியானா கடை மஞ்சுநாத்தையும் ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்களையும் சேர்த்தான். மஞ்சுநாத் அவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், சேரும் பந்தலும் வாடகைக்கு விடுகிறவன், சாவு வீடுகளில் பாதித் தொழில் அவனுடையது, பாதி இவனுடையது.

தீபிகா தன் பங்குக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தாள். மாதிரியில் பழைய தேதி இருந்தால் பக்கம் பழசாகத் தெரியும் என்று, 'மறைவு' என்ற இடத்தில் எப்போது திறந்தாலும் அன்றைய தேதியே வரும்படி செய்து வைத்தாள். 'மாதிரி' என்ற வார்த்தையை வலது மூலையில் சின்னதாகப் போட்டாள். கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியும். போனின் சின்னத் திரையில் அந்த மூலை வெளியே போய்விடும் என்பதை அவளும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. பக்கத்தின் தலைப்பு மட்டும் எங்கே பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது: கண்ணீர் அஞ்சலி, முனிகிருஷ்ணன், ஸ்ரீராம்புரம்.

இந்தப் பக்கத்தைத்தான் அந்தச் சனிக்கிழமை காலை, 'பார்த்துவிட்டு அனைவருக்கும் பகிரவும்' என்று எழுதி அவன் அனுப்பினான். இறந்தவரின் போனிலிருந்தே வீட்டார் செய்தி அனுப்புவது இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். எல்லா நம்பரும் அதில்தானே இருக்கிறது. எத்தனையோ வீடுகளுக்கு அப்படி அனுப்பிக் கொடுத்தவனே முனிதான். ஆனாலும் அந்த நேரத்தில் அது அவனுக்கு உறைக்கவில்லை. போனைச் சைலண்டில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, வெப்சைட் எப்படி ஓடுகிறது என்று பார்க்க அடுகோடிக்குக் கிளம்பிவிட்டான்.

தீபிகாவின் அறைக்குள் நுழைந்ததுமே நல்ல செய்தி காத்திருந்தது. அவள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். இத்தனை வாரமாகத் தரையில் படுத்திருந்த கோடு ஒன்று செங்குத்தாக மேலே ஏறியிருந்தது. அவன் கண் முன்னாலேயே இன்னும் ஏறியது. இவ்வளவு பேர் ஒரே காலையில் வந்து அவள் எந்தக் கடைக்கும் பார்த்ததில்லையாம். முனிக்குத் தலைகால் புரியவில்லை. எந்தப் பக்கம் இப்படி ஓடுகிறது என்று கேட்டான். கண்ணீர் அஞ்சலிதான் என்றாள். தொழில் தெரிந்தவனை யாரும் அசைத்துவிட முடியாது என்று அவன் நெஞ்சு விம்மியது.

பையிலிருந்து போனை எடுத்தான். தவறிய அழைப்புகள் திரை கொள்ளாமல் இருந்தன. எல்லாம் ஆர்டர்கள்தான் என்று அவனுக்குச் சந்தேகமே இல்லை. கீழே ஆள் அனுப்பி டீயும் வடையும் வாங்கி வரச் சொல்லலாமா என்று தீபிகாவிடம் கேட்டான். அவள் பக்கத்தின் அடிப்பகுதிக்குப் போய், அங்கே இருந்த கருத்துப் பெட்டியில் சனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து முனியும் குனிந்து படித்தான்.

'ஆழ்ந்த இரங்கல்.' 'நேத்துகூட ஆட்டோ ஸ்டாண்டில் பார்த்தேனே முனி.' 'நல்ல மனுஷன், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்.' 'எத்தனை பேருக்கு அஞ்சலி அடித்தவர், இன்று அவருக்கே.' கீழே போகப் போக வந்துகொண்டே இருந்தது. அவனுக்கு வணக்கம்கூடச் சொல்லாத எதிர்க்கடைக்காரன், மனசு உடைந்துவிட்டதாக எழுதியிருந்தான்.

"அண்ணா," என்றாள் தீபிகா. "இவங்க எல்லாம் நிஜமாலுமே நீங்க இறந்துட்டீங்கன்னு நினைக்கறாங்கண்ணா."

முனிக்கு முதலில் கேட்டதே புரியவில்லை. புரிந்ததும் மகன்தான் முதலில் நினைவுக்கு வந்தான். உடனே மைசூருக்குப் போன் போட்டான். மகன் எடுத்து, இதென்ன வேலை அப்பா, வெப்சைட் ஆரம்பிச்ச அன்னைக்கே பாத்தேன், சாம்பிள்னு எல்லாருக்கும் சொல்லிக்கினு இருக்கேன், யாரும் நம்ப மாட்டேங்கறாங்க என்று கத்தினான். பாதி உயிர் திரும்பி வந்தது. விஜிக்குப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கார்மெண்ட்ஸில் போனை லாக்கரில் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். சாயங்காலம் வரைக்கும் அவளுக்குத் தான் விதவை என்பது தெரிய வாய்ப்பில்லை. அந்தக் கம்பெனியின் சட்டதிட்டங்களை அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக வாழ்த்தினான்.

அடுத்து மஞ்சுநாத். முதல் மணியிலேயே எடுத்தான்.

"நான் முனி பேசறேன்," என்றான் முனி. பதற்றத்தில் குரல் கம்மி, பேர் காற்றோடு போய்விட்டது.

அந்தப் பக்கம் மஞ்சுநாத் விம்மினான். "அப்பா போன்லேர்ந்து பேசறியா கண்ணு? கொரல் அப்படியே அப்பன் கொரலு. அழாத மகனே, ஏனு மாடோது, இன்னா பண்றது, நம்ம கையில இன்னா இருக்குது. சேர் எறக்கிட்டேன், சாமியானா கட்டியாச்சு. வீடு பூட்டிக் கெடக்குது, பாடி எந்த ஆஸ்பத்திரில இருக்குதுன்னு மட்டும் சொல்லு."

முனி வாயைத் திறந்தான். அவன் பேசுவதற்குள் மஞ்சுநாத் இன்னொன்றையும் சொன்னான்.

"ஜீவனஹள்ளிலேர்ந்து உங்க அத்தை வந்துட்டா. வாசப்படிய விட்டு நகர மாட்டேங்கறா."

போன் காதிலிருந்து தானாக இறங்கியது. அதுவரைக்கும் பட்ட அதிர்ச்சியெல்லாம் ஒன்றுமே இல்லை. மகனுக்கு அத்தை என்றால் முனிக்குத் தங்கை. ஒரே தங்கை, வனஜா. அவள் ஜீவனஹள்ளி கிளிஃபர்டைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அண்ணன் தங்கைக்குள் பேச்சு இல்லை. கிளிஃபர்ட் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர். அமைதியான ஆள், குடி கிடையாது, சண்டை கிடையாது, வேதக்காரன் என்பது ஒன்றுதான் குற்றம். அவர்கள் சர்ச்சில் மோதிரம் மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் முனி கடையில் உட்கார்ந்து யாருக்கோ பிறந்தநாள் ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் ஒரே ஊரில், ஒரு பஸ் மாறிப் போகிற தூரத்தில், பத்துப் பன்னிரண்டு வருஷம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஓட்டிவிட்டார்கள். அம்மா சாவுக்கு வந்தவள்கூடத் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டதாகத்தான் கேள்வி. அவன் வாசற்படியை அவள் மிதிப்பாள் என்று யாராவது சொல்லியிருந்தால் அவன் சிரித்திருப்பான்.

தீபிகா பக்கத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. தலையாட்டிவிட்டு மாடிப்படியில் ஓடினான்.

அடுகோடியிலிருந்து ஸ்ரீராம்புரம் வரைக்கும் எந்தெந்தச் சிக்னலில் நின்றான், எதில் நிற்காமல் வந்தான் என்பதெல்லாம் அவனுக்கே தெரியாது. வழி நெடுக ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் வந்தது செத்துப்போன அண்ணனைப் பார்க்க. உயிரோடு போய் எதிரில் நின்றால், வந்த காரணமே இல்லாமல் போய்விடும். ஏமாற்றிவிட்டான் என்று காறித் துப்பிவிட்டுப் போவாள், அப்புறம் நிஜமாகவே செத்தாலும் வரமாட்டாள். ஒரு மனுஷனுக்கு இப்படியும் ஒரு சங்கடம் வருமா என்று ஆத்திரமாக இருந்தது. யார் மேல் ஆத்திரப்படுவது என்றுதான் தெரியவில்லை.

தெருவுக்குள் நுழையும்போதே ஸ்கூட்டரின் வேகத்தைக் குறைத்தான். அவன் வீட்டு வாசலில் பச்சை நிறச் சாமியானா. அதற்குக் கீழே மஞ்சுநாத்தின் நீலச் சேர்கள், அதில் அவனுக்குத் தெரிந்த முகங்கள். நெருப்பு மூட்டித் தப்பட்டையைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர். அரசியல்வாதி ஒருவரின் பெயர் போட்ட மாலைகூட ஒன்று வந்து, சாத்த ஆள் இல்லாமல் சேரில் கிடந்தது. ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்திவிட்டு, தலையில் மாட்டிய ஹெல்மெட்டைக் கழற்றத் தைரியம் இல்லாமல், கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொரியர்காரன் என்று நினைத்திருப்பார்கள்.

பூட்டிய கதவில் சாய்ந்தபடி வனஜா உட்கார்ந்திருந்தாள். அவன் மனதில் இருந்தவள் ஒல்லியான, வாய்த்துடுக்கான பெண். இங்கே இருந்தவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது, உடம்பு பெருத்திருந்தது, அம்மாவைப் போலவே மூக்குத்தி போட்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்ததைக்கூடச் சரிசெய்யவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களிடம் பேசவில்லை, கதவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"பேசாட்டி போவுது, எங்கியோ ஒரு மூலையில இருக்கறான், நல்லா இருக்கறான்னு இருந்தேன். அதுவும் இல்லன்னு ஆக்கிட்டியே அண்ணா."

ஹெல்மெட்டுக்குள் முனிக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதால் வெளியே கேட்கும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டான். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. தன் சாவில் சந்தோஷப்படுகிறோமே என்று பயமாகவும் இருந்தது.

நெடுநெடுவென்று ஓர் ஆள், எவர்சில்வர் தட்டில் டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டு வரிசையாகக் கொடுத்துக்கொண்டு வந்தான். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தான். வந்தவர்களை உட்காரச் சொன்னான், வெயிலில் நின்ற பெரியவரை நிழலுக்குக் கூட்டிவந்தான், பாடி வருவதற்கு நேரமாகலாம் என்று தணிந்த குரலில் சொன்னான். வீட்டு மாப்பிள்ளை செய்ய வேண்டிய வேலை அத்தனையும் செய்துகொண்டிருந்த அந்த ஆள் கிளிஃபர்ட் என்று முனிக்கு மெதுவாகத்தான் புரிந்தது. இந்த வாசலுக்குள் அவனை ஒரு நாளும் விட்டதில்லை. இன்றைக்கும் அவன் உள்ளே வரவில்லை, வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான்.

கிளிஃபர்ட் ஹெல்மெட் போட்ட ஆளிடமும் தட்டை நீட்டினான். "வெயில்ல வந்திருக்கீங்க, ஹெல்மெட்ட கழட்டிட்டு டீ குடிங்க சார்," என்றான்.

முனி வேண்டாம் என்று கையசைத்தான். அந்த ஆள் விடுவதாக இல்லை, தூரத்திலிருந்து வந்திருப்பீர்கள், மச்சானுக்கு வேண்டியவரா என்று அன்பாகக் கேட்டான். மச்சான் என்ற வார்த்தை முனியை என்னவோ செய்தது. அதற்கு மேல் மறைந்து நிற்க முடியவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தூக்கினான்.

தட்டு கீழே விழுந்தது. கிளிஃபர்ட் ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தான். சத்தம் கேட்டுத் திரும்பிய கூட்டம், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்த முனியைப் பார்த்தது. ஒரு பெண் வீலென்று கத்திவிட்டு மயங்கிச் சாய்ந்தாள். தப்பட்டைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். மஞ்சுநாத் அருகில் வந்து, முனியின் கையை மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும் அழுத்தி அழுத்திப் பார்த்தான். சூடாகத்தான் இருந்தது. பிறகு அவன் பக்கத்துச் சேரில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டான்.

முனி திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். வெப்சைட், மாதிரி, கூகுள், தானே மாறும் தேதி. சாவு வீட்டில் நின்றுகொண்டு வெப்சைட்டைப் பற்றி விளக்கும் கஷ்டம் யாருக்கும் வர வேண்டாம். சிலர் சிரித்தார்கள், சிலர் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள், சாவில் விளையாடுகிறாயா என்று ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றினார். அவன் எல்லாவற்றுக்கும் கை கூப்பினான். கண் மட்டும் கதவுப் பக்கமே இருந்தது.

வனஜா எழுந்து வந்தாள். கூட்டம் விலகி வழிவிட்டது. எதிரில் நின்று அவன் கன்னத்தைத் தொட்டாள், காதைத் தொட்டாள், சின்ன வயதில் கேட் இடித்த புருவத் தழும்பைத் தொட்டாள். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டாள். தெருவே கேட்டிருக்கும். முனிக்கு அது வலிக்கவே இல்லை. இதோடு திரும்பிப் போய்விடப்போகிறாள் என்ற பயம்தான் இருந்தது.

அவள் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்துத் திரையைத் துடைத்து அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். யாரோ அந்தப் பக்கத்தை அப்படியே படம் பிடித்து அனுப்பியது. லேசாகச் சிரித்த முகம், இரண்டு புறா, இன்றைய தேதி. அவள் விரல் அதையெல்லாம் காட்டவில்லை. கீழே இருந்த பெயர்களில் ஒவ்வொன்றாக ஊர்ந்து போனது.

"பொய்ச் சாவுதான், சரி. பொண்டாட்டி இருக்கறா, புள்ள இருக்கறான். ஓசூர் சித்தப்பா இருக்கறாரு. ஆட்டோ ஸ்டாண்டு இருக்குது." விரல் நின்றது. "என் பேரு எங்கண்ணா?"

முனி அந்தப் பெயர்களைப் பார்த்தான். அவனே எழுதியவை. யோசித்து யோசித்து எழுதியவை. அப்போது வனஜாவின் பெயரை எழுதினானா, எழுதி அழித்தானா என்று மனதுக்குள் துழாவினான். தீபிகாவின் அறை நினைவுக்கு வந்தது, இன்னும் ரெண்டு வரி வேண்டும் என்று அவள் கேட்டது நினைவுக்கு வந்தது, இன்னும் யார் இருக்கிறார்கள் என்று தான் தலையைச் சொறிந்தது நினைவுக்கு வந்தது. மஞ்சுநாத் வந்தான், ஆட்டோ ஸ்டாண்டு வந்தது. தங்கை வரவில்லை. வேண்டாம் என்று தள்ளவில்லை, தள்ளுவதற்குக்கூட வரவில்லை.

இத்தனை வருஷமும் தங்கை மேல் தீராத கோபம் இருப்பதாக அவன் நம்பிக்கொண்டிருந்தான். அந்தக் கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. போகும்போது அவளையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. கூடப் பிறந்தவளை மறந்திருக்கிறான்.

வனஜா அவன் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது அழுது அவள் குரல் கட்டியிருந்தது. "உண்மைய சொல்லு. கோவத்துல எடுத்தியா, இல்ல நெனப்பே வரலியா?"

அவள் கண்ணில் இருந்த பயத்தை முனி பார்த்தான். இரண்டில் எதைக் கேட்க அவள் பயப்படுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கோவத்துலதான்," என்றான். "மொத பேரே உன் பேருதான் போட்டேன். அப்புறம் கோவம் வந்து எடுத்துட்டேன்."

வனஜா ஒரு பெருமூச்சு விட்டாள். கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டாள்.

"அதான பாத்தேன்," என்றாள். "உனக்கு எங்க போவும் அந்தக் கோவம். நம்ம அப்பனுக்கும் அப்படித்தான்." மஞ்சுநாத்தின் சேர் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, புருஷனைப் பார்த்து, இன்னும் டீ இருந்தால் தனக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்று பக்கத்திலிருந்த பெண்ணிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எல்லோரையும் உள்ளே கூப்பிட வேண்டும் என்று முனி கதவுக்குப் போனான். கிளிஃபர்டையும் கூப்பிட வேண்டும். சாவியைப் பூட்டுக்குள் விட்டான், ஆனால் திருப்பவில்லை. பின்னால் தங்கையின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லாமல், பூட்டைப் பிடித்துக்கொண்டு அவன் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.